ரெண்டு ரிங்

கடலில் தத்தளிப்பவன் போடும் கூச்சல் கரைக்குக் கேட்காது. அவனுக்குப் பதிலாகக் கத்துவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. பீக்கன் என்பார்கள். தண்ணீர் பாட்டில் அளவில் மஞ்சளாக இருக்கும். தலையில் ஒரு கம்பி. ஸ்விட்சைத் தட்டினால் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு தடவை வானத்தைப் பார்த்துத் தன் எண்ணைச் சொல்லும். வேறு எதுவும் சொல்லத் தெரியாது. என்ன நடந்தது, எத்தனை பேர், உயிரோடு இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. பேட்டரி தீரும்வரை தன் எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

மேலே போகும் செயற்கைக்கோள் அதைக் கேட்கிறது. கேட்கும் விதத்திலிருந்தே இடத்தையும் கணக்கிட்டுவிடுகிறார்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கீச்சென்றும், தாண்டிப் போனதும் கனத்தும் கேட்கிறதல்லவா? செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் பீக்கனின் குரல் அப்படித்தான் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் அது எங்கிருந்து கத்துகிறது என்று தெரியும். புள்ளியாகத் தெரியாது, ஒரு வட்டமாகத் தெரியும். புது ரக பீக்கன்கள் தங்கள் இடத்தைத் தாங்களே சொல்லிவிடும். இது பழைய ரகம்.

அன்று காலை கடலோரக் காவல்படையின் வட்டாரத் தலைமையகத்துக்கு வந்த வட்டம் பாதி கடல் மேலும் பாதி ஊர் மேலும் விழுந்திருந்தது.

"மேடம், நம்ம பல்லு விளக்கறவர் திரும்ப வந்துட்டார்," என்றார் ரேடியோ ஆபரேட்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பணி அதிகாரி எழுந்து வந்து எண்ணைப் பார்த்தார். அதே எண்தான். போன வருடம் ஒரு மீனவர் தன் படகை ஹோஸ் பிடித்துக் கழுவியபோது பீக்கனைத் தாங்கியிலிருந்து கழற்றி ஈரத் தளத்திலேயே வைத்துவிட்டார். தாங்கியை விட்டு வெளியே வந்து தண்ணீர் பட்டால் படகு மூழ்கிவிட்டது என்று பீக்கன் தானே முடிவுசெய்து கத்த ஆரம்பிக்கும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ரோந்துப் படகு சைரனோடு பாய்ந்து போனபோது அந்த ஆள் துறைமுகத்திலேயே, படகு விளிம்பில் நின்று, வாய் நிறைய நுரையோடு பல் விளக்கிக்கொண்டிருந்தார். பெயர் நிலைத்துவிட்டது.

பதிவில் இரண்டு தொலைபேசி எண்கள் இருந்தன: உரிமையாளருடையது ஒன்று, அவசரத்துக்கு இன்னொன்று. இரண்டும் அணைந்திருந்தன. துறைமுக அலுவலகத்தைக் கேட்டார்கள். படகில் இரண்டு பேர், நேற்று போனார்கள், நாளை சாயங்காலம் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்போ ஆள் கடல்ல இருக்கார்," என்றார் அதிகாரி.

"ஆனா பீக்கன்?"

அதற்கு அடுத்த செயற்கைக்கோள் பதில் சொன்னது. வட்டம் சுருங்கி, நகர்ந்து, முழுதாக ஊருக்குள் வந்து உட்கார்ந்தது. தையல் கடைகளும் மாடி வீடுகளும் இருக்கும் பகுதி. ஆபரேட்டர் சிரித்தார். "பீக்கனை வீட்டுல வெச்சிட்டுப் போயிருக்கார். கூரை ஒழுகியிருக்கும், இல்ல எந்தப் பிள்ளையாவது எடுத்து விளையாடுது."

அப்படித்தான் இருக்கும் என்று நினைக்க அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. இந்தக் கருவிகள் பெரும்பாலும் சும்மாதான் கத்துகின்றன. குப்பை லாரியில் கத்தியிருக்கின்றன, பழைய இரும்புக் கடையில் கத்தியிருக்கின்றன, ஒரு தடவை கல்யாண மண்டபத்தில். ஆனாலும் சும்மா விட முடியாது. பீக்கன் வானத்திடம் எண்ணைச் சொல்வதோடு நிற்பதில்லை. பக்கத்தில் வருபவர்கள் பின்தொடர்ந்து வர வசதியாக மெல்லிய இன்னொரு சமிக்ஞையையும் விட்டுக்கொண்டிருக்கும். ஊருக்குள் ஒன்று அப்படி முனகிக்கொண்டிருந்தால், கடலில் நிஜமாக முனகும் வேறொன்றைத் தேடிப் போகும் ஹெலிகாப்டர் குழம்பும். தேடி அணைக்க வேண்டும். அதுவரை கேஸ் திறந்தே இருக்கும். அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே ஹெலிகாப்டரும் தரையில் தயாராக நிற்கும்.

அதிகாரி ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிட்டார். தலைமையகத்தில் அவரைக் 'காது' என்பார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

காது தோள் பையோடு தையல் கடைத் தெருவில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. காற்றும் ஏறிக்கொண்டிருந்தது, கரையிலிருந்து கடலைப் பார்த்து. அவர் கையில் ஒரு சின்ன ரிசீவர். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் மெதுவாகத் தன்னைத் தானே ஒரு சுற்று சுற்றினார்.

இதற்கு விலை உயர்ந்த கருவிகள் உண்டு. ஆனால் மனித உடம்பு ஒரு நல்ல சுவர், பாதிக்கு மேல் தண்ணீர்தானே. ரிசீவரை நெஞ்சோடு வைத்துச் சுற்றும்போது எந்தப் பக்கம் திரும்பினால் சத்தம் ரொம்பக் குறைகிறதோ, அப்போது உடம்பு நடுவில் நின்று மறைக்கிறது என்று அர்த்தம். அதாவது தேடுகிற பொருள் முதுகுப் பக்கம் இருக்கிறது. காது இப்படி முதுகை நம்பியே பல வருடங்களாகப் பீக்கன் பிடித்தவர்.

"என்ன சார், தலை சுத்துதா? தண்ணி வேணுமா?" என்றார் கடை வாசலில் இருந்த தையல்காரர்.

"இல்லண்ணே, ஒரு மெஷினைத் தேடறேன்."

"தையல் மெஷின்னா உள்ள இருக்கு. வேற மெஷின்னா அடுத்த தெரு."

ஈரத் துணியைப் போல ஒவ்வொரு சுவரும் சமிக்ஞையை உதறித் தெளித்தது. காது இரண்டு தெரு தவறாகப் போய்த் திரும்பினார். நெருங்க நெருங்கச் சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிறைந்துவிடும். செவியோரத்தில் கத்துபவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று தெரியாத மாதிரி. அப்போது ரிசீவரைச் செவிடாக்க வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பேப்பர் கிளிப்பைச் செருகினார். மூன்று மாடி வீடு ஒன்றின் கீழே நின்றபோது கிளிப்புக்கே சத்தம் தாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த குழாயில், மஞ்சளாக ஏதோ கட்டியிருந்தது.

படியேறுவதற்கு முன்பு தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார்: 'கிடைச்சாச்சு. மொட்டை மாடி. அணைக்கப் போறேன்.'

தலைமையகத்தில் இந்தச் செய்தி வந்தால் அடுத்து நடப்பது தயங்காமல் நடக்கும். அதிகாரி கடல் வரைபடத்தில் ஒட்டியிருந்த சிவப்புக் காந்தத்தை எடுத்து ஓரத்தில் வைத்தார். "ஹெலிகாப்டரை விட்டுடலாம்னு சொல்லுங்க." ஹெலிகாப்டர்காரர்கள் இதற்காகவே காத்திருந்தார்கள். எஞ்சினில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சோதனை ஒன்று பாக்கி இருந்தது.

மாடிக் கதவைத் தள்ளியதும் காது முதலில் பார்த்தது காயப்போட்ட துணிகளை. பிறகு துணிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வயதான பெண்ணை. தொட்டிக்குக் கீழே, கையில் மொபைலோடு, இன்னொரு பெண் நின்றிருந்தாள்.

"வாங்க," என்றாள் ஸ்டூலில் இருந்தவள். "உங்களுக்காகத்தான் மகாராணி காலையிலேருந்து காத்திருக்கா. என் மருமக. போன தடவை ஊரே சிரிச்சது பத்தலையாம்."

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க." மருமகள் காதை ஏற இறங்கப் பார்த்தாள். "கப்பல் வரும்னு பாத்தா, ஒருத்தர் பையோட வந்திருக்கீங்க."

"இதை நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமா. இது மேல ஒட்டியிருக்கற படத்துல போட்டிருக்கே, வானம் தெரியற இடத்துல நிமித்தி வைக்கணும்னு."

"முதல்ல அணைச்சிடலாம்மா. இது தப்பு. இது கடல்ல—"

"அணைக்கக் கூடாது." அவள் குழாய்க்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அணைச்சா போயிடுவீங்க. என் வீட்டுக்காரரும் என் தம்பியும் கடல்ல இருக்காங்க. வரலை."

"நாளைக்குச் சாயங்காலம்தானே வரணும்? துறைமுகத்துல அப்படித்தான்—"

"அதையேதான் துறைமுக ஆபீஸ்ல என்கிட்டயும் சொன்னாங்க. காலையிலேருந்து நாலு தடவை போன் பண்ணிட்டேன். 'அவரு நாளைக்குன்னு சொல்லியிருக்காரும்மா, இன்னும் லேட்டே ஆகலையே'ன்னு. ஆனா எனக்கு மிஸ்டு கால் வந்துச்சு சார். ரெண்டு ரிங்."

காதுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள், பொறுமையாக, இதற்கு முன்பு நாலு தடவை விளக்கிய குரலில்.

கணவன் எப்போது திரும்பினாலும், சிக்னல் கிடைக்கும் முதல் இடத்திலிருந்து அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். எடுத்துப் பேசக் கூடாது. ஒரு ரிங் என்றால், வந்துகொண்டிருக்கிறேன், குளிக்க வெந்நீர் போடு. இரண்டு ரிங் என்றால் மீன் நிறைய, துறைமுகத்துக்கு வேன் அனுப்பு. அன்று விடிந்த கையோடு இரண்டு ரிங் வந்தது. ஒரு நாள் முன்னதாகவே திரும்புகிறார்கள் என்று அவள் சந்தோஷமாக வேனை அனுப்பினாள். வேன்காரர் காத்திருந்து, டீ குடித்து, திட்டிவிட்டு, காலியாகத் திரும்பினார். அந்த இடத்திலிருந்து துறைமுகம் ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு அழைத்தால் போன் அணைந்திருந்தது.

"இன்னொரு நம்பர் இருக்கே? அவசரத்துக்குன்னு குடுத்தது?"

"அதுவும் அவர்தான். ஒரே போன்ல ரெண்டு சிம்."

காது குழாயில் கட்டியிருந்த பீக்கனை அண்ணாந்து பார்த்தார்.

"பீக்கனை ஏன் வீட்டுல வெச்சிட்டுப் போனார்?"

"நீங்க வந்து சிரிச்சீங்கல்ல? அன்னைக்குக் கொண்டுவந்து பீரோ மேல வெச்சவர்தான். சோதனை வருதுன்னா மட்டும் எடுத்துட்டுப் போவார்." அவள் மஞ்சள் கருவியைப் பார்த்தாள். "பல்லு விளக்கி முடிக்கறதுக்குள்ள வந்து நின்னீங்க. போன்ல கெஞ்சினா யாரும் வரலை, இதுக்கு நீங்க வருவீங்கன்னு தெரியும்."

காது மொபைலை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தலைமையகத்தை அழைத்தார். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு அதிகாரியின் குரல், போனுக்கு வெளியே யாரிடமோ: "ஹெலிகாப்டர்?"

"எஞ்சின் மூடியைக் கழட்டிட்டாங்க மேடம்," என்றது ஆபரேட்டரின் குரல். "திரும்பப் பூட்டிப் பறக்கறதுக்கு இருட்டிடும்."

அதிகாரி யாரையும் திட்டவில்லை. திட்ட வேண்டியிருந்தால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. பீக்கன் கரையில் இருந்தால் ஆபத்து இல்லை என்று இத்தனை வருடமும் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது பீக்கன் கரையில் இருப்பதே ஆபத்தாகிவிட்டது. அவர் நீலக் காந்தத்தை எடுத்தார். அது ரோந்துப் படகு.

"அம்மா, நான் பணி அதிகாரி பேசறேன். சிக்னல் கிடைக்கற அந்த இடம் எதுன்னு அவர் எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"கலங்கரை விளக்கம் மலைக்குப் பின்னாலேருந்து வெளிய தெரியுமாமே, அங்கதான்னு சொல்வார்."

அதிகாரிக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது. கடலிலிருந்து வரும்போது மலை கலங்கரை விளக்கத்தை மறைத்திருக்கும். ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டியதும் அது மலை ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அந்தக் கோட்டை வரைபடத்தில் அடிக்கோல் வைத்து வரையலாம். வரைந்தார். மொபைல் கம்பெனியைக் கேட்டதில், அந்த அழைப்பை வாங்கியது மலை மேல் இருக்கும் கோபுரம் என்றார்கள். அதன் சிக்னல் கடலுக்குள் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை ஆபரேட்டர் ஒரு வளைவாகப் போட்டார். கோடும் வளைவும் வெட்டிக்கொண்ட இடத்தில் அதிகாரி பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். விடியும்போது படகு அங்கே இருந்தது.

இப்போது எங்கே என்பது வேறு கணக்கு. எஞ்சின் நின்றுபோன படகை இரண்டு கைகள் தள்ளுகின்றன. தண்ணீருக்குக் கீழே இருக்கும் பாகத்தை நீரோட்டம் தள்ளுகிறது, மேலே இருக்கும் பாகத்தைக் காற்று. காலியான படகு உயரமாக மிதக்கும். காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். பாரம் ஏறிய படகு அமிழ்ந்து நிற்கும். காற்றுக்குப் பிடி கிடைக்காது. அரை நாள் போனால் இந்த இரண்டு படகுகளும் வெவ்வேறு கடலில் இருக்கும். அதிகாரி வரைபடத்தில் இரண்டு கட்டங்கள் போட்டார், கரைக்குக் கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று. வெளிச்சம் இருக்கும்வரை ரோந்துப் படகால் ஒரு கட்டத்தைத்தான் ஒழுங்காகச் சல்லடை போட முடியும்.

"அம்மா, மீன் எவ்வளவு இருந்திருக்கும்?"

மொட்டை மாடியில் அவள் முகம் மாறியது. "என்ன மேடம் நீங்க? மனுஷங்களைக் காணோம்னு சொல்றேன், மீனைக் கேக்கறீங்க?"

"மீன் இருந்தா படகு கனமா இருக்கும். கனமா இருந்தா ரொம்ப தூரம் போயிருக்காது. அதுக்குத்தான் கேக்கறேன்."

அவள் அதை ஒரு விநாடி யோசித்தாள். "ரெண்டு ரிங் மேடம். ரெண்டு ரிங்னா பெட்டி எல்லாம் நிறைஞ்சு தளத்துலயும் கிடக்கும். சும்மா குடுக்கமாட்டார். ஒருதடவை வேன் வந்து பாதி காலியாப் போச்சுன்னு வாடகைக்குச் சண்டை. அதுலேருந்து நிறைஞ்சாத்தான் ரெண்டு."

"சரி. இப்போ, படகுல தண்ணி ஏறினா, அந்த மீனைக் கொட்டிடுவாங்களா?"

"என் பையன் கொட்டமாட்டான்," என்றாள் மாமியார் ஸ்டூலிலிருந்து.

"என் தம்பி கொட்டச் சொல்வான்," என்றாள் மருமகள். "ஆனா மாமா பேச்சைத் தாண்டமாட்டான்."

"யாரு, உன் தம்பியா? அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது. நச்சரிச்சே கொட்ட வெச்சிடுவான்."

"இப்பதான் உங்க பையன் கொட்டமாட்டார்னு சொன்னீங்க?"

"சண்டை போட்டுத்தான் கொட்டுவான்னு சொன்னேன்!"

போனில் அதிகாரி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அதிகாரி கிட்டே இருந்த கட்டத்தின் கரைப்பக்க ஓரத்தில் நீலக் காந்தத்தை ஒட்டினார். "இங்கேருந்து ஆரம்பிச்சு வெளியே பார்த்துப் போகட்டும். கொட்டியிருந்தா போற வழியில வருவாங்க."

"அம்மா," என்றார் காது, "புதுசா ஒரு கேஸ் திறந்துட்டாங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. இனி இதை அணைக்கலாம். இது இந்த வீட்டைத்தான் காட்டிக்கிட்டிருக்கு, அவங்களைக் காட்டாது."

"படகு கிளம்பட்டும்."

"கிளம்பிடும்மா."

"கிளம்பின சத்தம் கேக்கட்டும்."

காது மொபைலைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து அதிகாரி, "ரேடியோவைப் போன் பக்கத்துல வைங்க," என்று ஆபரேட்டரிடம் சொல்வது கேட்டது. கரகரப்பு. பிறகு ரோந்துப் படகின் தலைவர், "கயிறு அவிழ்த்தாச்சு. கிளம்பறோம்," என்றார். பின்னால் எஞ்சின் உறுமியது. அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு தானே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாமியார் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, குழாயிலிருந்து பீக்கனை அவிழ்த்து ஸ்விட்சை அணைத்தாள். காதின் ரிசீவர் ஊமையானது.

அதன் பிறகு மாடியில் செய்வதற்கு எதுவும் இல்லை. துணிகள் காற்றில் அடித்துக்கொண்டன. எல்லாத் துணிகளும் கடல் பக்கமே பறந்தன. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை அவள் இப்போது தெரிந்துகொண்டிருந்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தாள், காய்ந்ததையும் காயாததையும்.

கிட்டே இருந்த கட்டத்தில் அவர்கள் இல்லை. ரோந்துப் படகு உழுவதுபோல ஒரு கோடு போய், திரும்பி, அடுத்த கோடு வந்து, கட்டம் முழுவதையும் முடித்துவிட்டது. தலைவர் ரேடியோவில் அப்படியே சொன்னார். அதிகாரி இரண்டு கட்டங்களுக்கும் நடுவில், ஒன்றுமே வரையாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "திரும்ப வேண்டாம். அதே மாதிரி வெளியே போய்க்கிட்டே இருங்க."

வெயில் சாய்ந்து, தண்ணீர் கண்ணைக் கூசவைக்கத் தொடங்கிய நேரத்தில் அந்த நடுவிடத்தில் ஒரு சிவப்புச் சட்டை துடுப்பில் கட்டப்பட்டு ஆடிக்கொண்டிருந்தது.

அதிகாரி தானே அழைத்தார். "ரெண்டு பேரும் இருக்காங்கம்மா. நல்லா இருக்காங்க. குளிருது, அவ்வளவுதான். எஞ்சின் குழாய் வெடிச்சு உள்ள தண்ணி வந்திருக்கு. போன் அதுல முங்கிடுச்சு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் போனை வாங்கினாள். பிறகு, "மீன்?" என்றாள்.

"பாதி கொட்டியிருக்காங்க."

"சொன்னேன்ல," என்றாள் மாமியார் மருமகளிடம். மருமகளும் அதையேதான் சொல்ல வாயெடுத்தாள்.

காது கிளம்பும் முன்பு பீக்கன் பதிவில் இரண்டாவது எண்ணாகப் போட வேறொன்று கேட்டார். மருமகள் தன் எண்ணைச் சொன்னாள். மூன்றாவதாக ஒன்று எழுத இடமிருக்கிறதா என்று மாமியார் கேட்டாள். இடம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டார். பீக்கனை அவர் கையில் எடுத்தபோது, "அது இங்க இருக்கட்டும்," என்றாள் மருமகள். "நாளைக்கு நானே படகுல மாட்டறேன். அவரை விட்டா திரும்ப பீரோ மேல ஏத்திடுவார்."

அவர் தையல் கடையைத் தாண்டும்போது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. மாடி வீட்டில் மருமகளின் மொபைல் அடித்தது. தெரியாத எண். ரோந்துப் படகில் யாராவது ஒருவருடையதாக இருக்கும். கலங்கரை விளக்கம் மலைக்கு வெளியே வந்திருக்கும். அவள் எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு தடவை அடித்து நின்றது. இன்னொன்றுக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.

"அத்தை," என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே எழுந்தாள், "பெரிய பாத்திரம் எங்க? ரெண்டு பேருக்கும் வெந்நீர் போடணும்."